அட்டவணையின் நினைவு

ரயில் நிலையத்துச் சுவரில் தொங்கும் கால அட்டவணையை நாம் எல்லோரும் நின்று படித்திருக்கிறோம். வண்டியின் எண், வண்டியின் பெயர், வரும் நேரம், புறப்படும் நேரம் என்று பத்திகள் அதில் வரிசையாக நிற்கும். எழுதியவர் எந்த ஒழுங்கில் அவற்றை நிறுத்தினாரோ, அதே ஒழுங்கில்தான் அனைவரும் படித்தாக வேண்டும். இரவு வண்டிகள் மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைப்பவருக்காகப் பகல் வண்டிகள் மறைந்துகொள்ளமாட்டா. வேண்டாதவற்றைக் கண்ணால் தாண்டிச் செல்வதுதான் அவர் செய்யக்கூடியது.

கணினித் திரையில் தோன்றும் அட்டவணையோ படிப்பவருக்கு இணங்கி வளைந்து கொடுக்கும். ஒரு மருத்துவமனையின் மருந்துக் கிடங்கை எண்ணிப் பாருங்கள். அங்குள்ள மருந்துகளின் பட்டியல், வலைப்பக்கம் ஒன்றில் ஆறு பத்திகள் கொண்ட அட்டவணையாக வருகிறது என்று கொள்வோம். மருந்தின் பெயர், தொகுதி எண், விலை, விற்றவரின் தொலைபேசி எண், இருப்பு, காலாவதி நாள் என்பவை அப்பத்திகள். கிடங்கின் பொறுப்பாளருக்கு விலையால் பயனில்லை. அதை அவர் மறைத்துவிடுகிறார். காலாவதி நாள் கடைசியில் கிடப்பது அவருக்குத் தொல்லை. அதன் தலைப்பைச் சுட்டியால் பற்றி இழுத்து, மருந்தின் பெயருக்கு அருகில் நிறுத்துகிறார். நீண்ட பெயர்கள் பாதியில் வெட்டுண்டு போகாதபடி முதற்பத்தியை அகலமாக்குகிறார். எந்த மருந்து முதலில் காலாவதியாகுமோ அது மேலே வரும்படி வரிசைப்படுத்துகிறார். பிறகு, பெயரில் ‘ஊசி’ என்ற சொல் உள்ளவை மட்டும் தெரியுமாறு ஒரு வடிகட்டியும் இடுகிறார். அதே அட்டவணையைத் தம் மேசையில் திறக்கும் கணக்கரோ விலையை முன்னால் வைத்துக்கொண்டு காலாவதி நாளை மறைக்கிறார். இருவர் பார்ப்பதும் ஒரே பட்டியல்தான். பார்வை மட்டும் வேறு.

மறுநாள் காலையில் பொறுப்பாளர் கணினியைத் திறக்கிறார். விலை மீண்டும் தோன்றுகிறது. காலாவதி நாள் பழையபடி கடைசியில் கிடக்கிறது. முந்திய நாள் அவர் செய்த வேலை அனைத்தும் நீரில் எழுதிய எழுத்தாய்ப் போயிற்று. நான் அறிந்த ஓர் அலுவலகத்தில் எழுத்தர் ஒருவர், எந்தப் பத்தியை எங்கே இழுக்க வேண்டும் என்பதைச் சிறு காகிதத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தார். நாள்தோறும் அதைப் பார்த்தே அட்டவணையைச் சீர்செய்வார். கணினி வைத்திருக்க வேண்டிய நினைவைக் காகிதத்திடம் ஒப்படைத்துவிட்டார் அவர்.

பழைய தட்டச்சுப் பொறி இந்த வகையில் மேலானது என்றுகூடச் சொல்லலாம். அட்டவணை அடிப்பதற்காக அதில் நிறுத்தக் குமிழ்கள் இருந்தன. எந்தெந்த இடத்தில் வண்டி நிற்க வேண்டும் என்று ஒருமுறை குமிழ்களை அமைத்துவிட்டால், அவற்றை நாமே கலைக்கும் வரையில் அவை அப்படியே இருக்கும். இன்று கணினி விசைப்பலகையில் நாம் அழுத்தும் ‘டேப்’ என்னும் விசைக்கு அந்தப் பெயர் வந்தது அங்கிருந்துதான். இரும்புப் பொறி நினைவில் வைத்திருந்ததை இணையப் பக்கம் ஏன் மறக்கிறது?

விடை வலையின் பிறப்பிலேயே இருக்கிறது. 1989 ஆம் ஆண்டில், ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்பார் இந்த வலையமைப்பை முன்மொழிந்தார். ஆய்வாளர்கள் தம் ஆவணங்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. அதற்கு வகுத்த முறை எளியது. நம் கணினியிலுள்ள உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும். தொலைவிலுள்ள சர்வர் அதைக் கொடுக்கும். கொடுத்தபின் கேட்டவர் யார் என்பதை மறந்துவிடும். அடுத்த கேள்வி முற்றிலும் புதிய கேள்வியே. இந்த மறதியால் ஒரு நன்மையும் உண்டு. யாரையும் நினைவில் சுமக்காத சர்வர், எண்ணற்றவர்களுக்குச் சோர்வின்றி விடை தரலாம். ஆனால் படிப்பதற்கு மட்டும் அமைந்த இம்முறையை வேலை செய்வதற்கும் பயன்படுத்தத் தொடங்கியபோது, மறதி இடையூறாயிற்று.

முதலில் வந்த மாற்று ‘குக்கி’ என்பது. 1994 ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மாண்டுலி என்னும் பொறியாளர் இதனை வகுத்தார். சர்வர் ஒரு சிறு சீட்டை உலாவியிடம் கொடுத்து வைக்கும்; அடுத்த முறை வரும்போது உலாவி அச்சீட்டைக் காட்டும். ஆளை அடையாளம் காண இது போதும். அட்டவணையின் அமைப்பை எழுதி வைக்கவோ இது பொருந்தாது. ஒரு சீட்டில் ஏறத்தாழ 4,096 எழுத்துகளுக்குத்தான் இடம். அதுவும் தமிழ் எழுத்தானால் இன்னும் குறையும். மேலும் அந்தச் சீட்டு ஒவ்வொரு கேள்வியோடும் சேர்ந்து பயணம் செய்யும். பக்கத்திலுள்ள ஒரு சிறு படத்தைக் கேட்கும்போதும், ‘விலைப் பத்தி மறைந்திருக்கிறது’ என்ற செய்தியைச் சர்வருக்கு அறிவிப்பதால் யாருக்கு என்ன பயன்?

2009 ஆம் ஆண்டை ஒட்டி உலாவிகள் பலவற்றிலும் ‘லோக்கல் ஸ்டோரேஜ்’ என்னும் வசதி இடம்பெற்றது. இது உலாவிக்குள்ளேயே இருக்கும் ஒரு சிறு பேழை. ஒவ்வொரு தளத்துக்கும் தனிப் பேழை உண்டு. ஒரு தளத்தின் பேழையை இன்னொரு தளம் திறக்க இயலாது. பொதுவாக 5 மெகாபைட் அளவுக்கு அதில் இடம் கிடைக்கும். அட்டவணையின் அமைப்புக்கு இது தாராளம். பெரும்பாலும் சில ஆயிரம் எழுத்துகளே தேவைப்படும். பேழையில் இருப்பது சர்வருக்குத் தானாகப் போவதில்லை. கணினியை நிறுத்தினாலும் அழிவதில்லை. இதற்கு இளைய துணையாக ‘செஷன் ஸ்டோரேஜ்’ என்று ஒன்றும் உண்டு. அது திறந்த பக்கத்தை மூடியதும் மறைந்துவிடும்.

இந்தப் பேழை எழுத்தை மட்டுமே ஏற்கும். ஆகவே அட்டவணையின் நிலையை எழுத்தாக்க வேண்டும். அதற்கு இன்று பெரிதும் பயன்படுவது, 2000 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் டக்ளஸ் கிராக்ஃபோர்டு பரப்பிய ‘ஜேசன்’ என்னும் எழுதுமுறை. நம் பொறுப்பாளரின் அட்டவணையைப் பற்றிய குறிப்பைத் தமிழில் சொல்வதானால் அது இவ்வாறு இருக்கும்: ‘பெயர், முதலிடம், அகலம் 320 புள்ளி, காலாவதி நாள், இரண்டாமிடம், அகலம் 120 புள்ளி, ஏறுவரிசை, விலை, மறைவு.’ மருந்துகளில் ஒன்றுகூட இக்குறிப்பில் இல்லை என்பதைக் கவனியுங்கள். மருந்தின் இருப்பு சர்வரின் பொறுப்பு. அது நிமிடந்தோறும் மாறும். பார்வையின் ஒழுங்கு மட்டுமே இக்குறிப்பின் பொருள். இரண்டையும் கலந்து சேமித்தால், நேற்றைய இருப்பை இன்றைய இருப்பாகக் காட்ட நேரிடும்.

எழுத்தாக்கும்போது ஒரு கண்ணியில் கால் சிக்கிக்கொள்வது உண்டு. ‘2024 ஏப்ரல் 1 முதல் வந்தவை’ என்று ஒருவர் நாளை வைத்து வடிகட்டியதாகக் கொள்வோம். நம் நாட்டு நேரப்படி ஏப்ரல் 1 நள்ளிரவு என்பதை ஜேசனாக மாற்றும்போது, ஜாவாஸ்கிரிப்ட் மொழி அதை உலகப் பொது நேரமாக்கி எழுதும். நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முந்தியவர்கள். எனவே சீட்டில் விழும் நாள், மார்ச் 31 மாலை 6.30. மீட்கும்போது, நிரல் எழுதியவர் நேரத்தை வெட்டி எறிந்துவிட்டு நாளை மட்டும் எடுத்துக்கொண்டாரானால், வடிகட்டி ஒரு நாள் பின்னால் நகர்ந்துவிடும். நிதியாண்டின் முதல் நாளில் நிகழும் இந்தப் பிழை, கணக்கரை எவ்வளவு அலைக்கழிக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை. நாளை நாளாகவே, நேரம் சேர்க்காமல் எழுதி வைப்பதே வழி.

எப்போது எழுதுவது? பத்தியின் ஓரத்தைப் பிடித்து இழுக்கையில், ஒரு நொடிக்குள் பத்து இருபது முறை அகலம் மாறுகிறது. மாற்றந்தோறும் எழுதுவது வீண் உழைப்பு. கை ஓய்ந்து அரை நொடி போன பின் ஒருமுறை எழுதினால் போதும். பேழை நிறைந்திருந்தாலோ, உலாவி மறுத்தாலோ எழுதும் முயற்சி தோற்கும். அதற்காக அட்டவணையே தோன்றாமல் போகக்கூடாது. நினைவு இல்லாத அட்டவணையும் அட்டவணைதான்.

மீட்பதில் முறை முக்கியம். குறிப்பை முதலில் படித்து, பிறகே சர்வரிடம் மருந்துகளைக் கேட்க வேண்டும். மாற்றிச் செய்தால், அட்டவணை முதலில் தன் இயல்பான கோலத்தில் தோன்றி, அடுத்த கணம் குலுங்கி, வேறு கோலம் கொள்ளும். கண்ணுக்கு அது தொல்லை. சர்வருக்கோ ஒரே கேள்விக்கு இரண்டு முறை விடை சொல்லும் சுமை.

இதுவரை சொன்னவை எளியவை. இனிச் சொல்லப்போவதுதான் நுட்பமானது. குறிப்பு எழுதப்பட்டது நேற்றைய அட்டவணைக்கு. படிக்கப்படுவது இன்றைய அட்டவணைக்கு. இடையில் நிரல் எழுதுவோர் அட்டவணையை மாற்றியிருக்கலாம் அன்றோ?

உண்மையான ஒரு கருவியைக் கொண்டு இதை விளக்குகிறேன். ‘டேட்டாடேபிள்ஸ்’ என்பது வலைப்பக்க அட்டவணைகளுக்கென அமைந்த, இலவசமாகக் கிடைக்கும் ஒரு நிரல் தொகுதி. அதில் ‘ஸ்டேட்சேவ்’ என்ற ஒரு சொல்லை இயக்கி வைத்தால், அட்டவணையின் நிலையை அதுவே பேழையில் எழுதி, அதுவே மீட்டுக்கொள்ளும். அதன் 1.10 ஆம் பதிப்பு, பத்திகளைப் பெயரால் குறிப்பதில்லை. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று எண்ணால் குறித்து வைக்கிறது. மீட்கும்போது ஒரு சோதனையும் செய்கிறது. பழைய குறிப்பிலுள்ள பத்திகளின் எண்ணிக்கையும் இப்போதைய எண்ணிக்கையும் ஒத்திராவிட்டால், குறிப்பு முழுவதையும் ஒதுக்கிவிடுகிறது. நல்ல எச்சரிக்கைதான், ஆனால் போதாது.

நம் கிடங்கில் விலை மூன்றாம் பத்தி. பொறுப்பாளர் அதை மறைத்தார். ‘மூன்றாவது, மறைவு’ என்று எழுதப்பட்டது. சில நாள் கழித்து, தொலைபேசி எண் வேண்டாம் என்று அப்பத்தியை நீக்கி, மருந்தின் பெயரை அடுத்து ‘வகை’ என்று ஒரு புதிய பத்தியைச் சேர்க்கிறார்கள். முன்பும் ஆறு பத்திகள், இப்போதும் ஆறு. சோதனை தேறிவிட்டது. ஆனால் இப்போது மூன்றாமிடத்தில் நிற்பது எது? தொகுதி எண். விலை வெளியே வந்து நிற்க, தொகுதி எண் மறைந்துபோகிறது. ஒரு குறிப்பிட்ட தொகுதியில் குறை கண்டு அதைத் திரும்பப் பெறுவதாக மருந்து செய்தவர் அறிவிக்கும் நாளில், பொறுப்பாளர் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான். பொறி பழுதாகவில்லை, சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறது. குறிப்பு தவறான முகவரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆதலால் பத்தியை இடத்தால் அறியாமல் பெயரால் அறிய வேண்டும். திரையில் தெரியும் தலைப்பு பெயராகாது. ‘காலாவதி நாள்’ என்ற தலைப்பை நாளைக்கே ‘முடிவு நாள்’ என்று திருத்திவிடலாம். மாறாத உட்பெயர் ஒன்று ஒவ்வொரு பத்திக்கும் வேண்டும். ‘ஏஜி கிரிட்’ என்னும் மற்றொரு கருவி இவ்வாறே செய்கிறது. பத்திகளின் நிலையைக் கேட்டால், ஒவ்வொன்றுக்கும் உரிய அடையாளப் பெயரோடு அகலம், மறைவு, வரிசை ஆகியவற்றை அது தருகிறது.

பெயரால் எழுதிய பின்னும் சில ஐயங்கள் எஞ்சும். குறிப்பில் உள்ள ஒரு பத்தி இன்று அட்டவணையில் இல்லையென்றால் என்ன செய்வது? அந்த வரியைப் பேசாமல் தாண்டிவிட வேண்டும். குறிப்பில் இல்லாத ஒரு பத்தி இன்று புதிதாக வந்திருந்தால்? அதை மறைக்கக்கூடாது. பயனர் அதை வேண்டாமென்று சொன்னதில்லை. அப்படி ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. இயல்பாக அதற்குரிய இடத்தில், கண்ணுக்குத் தெரியும்படி நிறுத்துவதே முறை. குறிப்பின் தலையில் ஒரு பதிப்பு எண்ணும் இருத்தல் நலம். பிற்காலத்தில் எழுதுமுறையே மாறினால், இது பழைய முறையில் எழுதியது என்று கண்டு அதை மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாததை விட்டுவிடலாம்.

வடிகட்டியைப் பற்றித் தனியே பேச வேண்டும். இதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. மறுநாள் காலையில் பொறுப்பாளர் விடுப்பில் இருக்கிறார். அவரிடத்தில் வேறொருவர் அமர்கிறார். அட்டவணை தன் நினைவை உண்மையாகவே மீட்டுத் தருகிறது, முந்திய நாள் இட்ட வடிகட்டி உட்பட. வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்காக உப்புச்சர்க்கரைக் கரைசல் தூள் வேண்டும் என்று வார்டிலிருந்து கேட்கிறார்கள். புதியவர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்க்கிறார். அதில் ஊசி மருந்துகள் மட்டுமே உள்ளன என்பது அவருக்குத் தெரியாது. ‘இருப்பில் இல்லை’ என்று சொல்லிவிடுகிறார். அலமாரியிலோ தூள் பெட்டி பெட்டியாக இருக்கிறது.

பத்தியின் அகலம் தவறாக மீண்டால் கண்ணுக்குத்தான் தொல்லை. வடிகட்டி ஓசையின்றி மீண்டால், இருப்பது இல்லையென்றாகிறது. டேட்டாடேபிள்ஸ் தேடுசொல்லையும் பக்க எண்ணையும் மற்றவற்றோடு சேர்த்தே நினைவில் வைக்கிறது. ஆனால் நாம் வேறு சொல்லாவிடில் 7,200 நொடிகள், அஃதாவது இரண்டு மணி நேரம் கடந்த குறிப்பை அது ஏற்பதில்லை. இந்தக் கால எல்லையை வீண் கட்டுப்பாடு என்று கருதி எடுத்துவிடுவோர் பலர். நான் அதை அறிவுடைய எல்லை என்றே மதிக்கிறேன். என்றாலும் ஒரே கால எல்லையை எல்லாவற்றுக்கும் இடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அகலமும் ஒழுங்கும் மறைவும் பல மாதம் இருக்கலாம். வடிகட்டி அன்றைய வேலையோடு முடியலாம். நீடித்து வைப்பதானால், ‘ஊசி மருந்துகள் மட்டும் காட்டப்படுகின்றன, 2,140 வரிகளில் 312’ என்று அட்டவணையின் தலையிலேயே எழுதி, அதை நீக்கும் பொத்தானையும் அருகில் வைக்க வேண்டும். பக்க எண்ணை நினைவில் வைப்பதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். ஏழாம் பக்கத்தை மீட்கும்போது பட்டியல் நான்கு பக்கமாகச் சுருங்கியிருந்தால் வெறும் திரையே மிஞ்சும்.

பலர் பயன்படுத்தும் பொதுக் கணினியில் இன்னொரு கவலையும் உண்டு. ஒருவர் தேடிய நோயாளியின் பெயர் அடுத்தவர் கண்ணில் படலாம். அத்தகைய இடத்தில் தேடுசொல்லைப் பேழையில் எழுதவே கூடாது. பயனரின் பெயரைச் சேர்த்துத் தனித்தனிக் குறிப்பாக எழுதுவதும், வெளியேறும்போது அழிப்பதும் வேண்டும்.

உலாவியின் பேழையை மட்டும் நம்புவதிலும் ஓர் இடர் உண்டு. அது அந்தக் கணினிக்குள்ளேயே அடைபட்டது; வீட்டிலுள்ள கணினிக்கு அது தெரியாது. மேலும் 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆப்பிள் நிறுவனம் தன் சஃபாரி உலாவியில் ஒரு விதி செய்தது. ஒரு தளத்தை நாம் தொடாமலே ஏழு நாள் உலாவியைப் பயன்படுத்தி வந்தால், அத்தளத்தின் நிரல் எழுதி வைத்த பேழை காலியாகும். பின்தொடர்ந்து வேவு பார்க்கும் விளம்பரக்காரர்களைத் தடுக்க எழுந்த விதி அது. பாவம், பத்தியின் அகலமும் அதில் சேர்ந்து போகிறது. நிலைத்த நினைவு வேண்டுமானால் குறிப்பைச் சர்வரிலேயே பயனரின் பெயரில் எழுத வேண்டும். அப்போதும் அகலங்களை மட்டும் அந்தந்தக் கணினியிலேயே விட்டு வைப்பது நல்லது. பெரிய திரையில் 320 புள்ளியாக விரித்த பத்தி, கைப்பேசியின் திரை முழுவதையும் விழுங்கிவிடும்.

இறுதியாக, எல்லா அட்டவணைகளுக்கும் ‘பழைய நிலைக்குத் திருப்பு’ என்ற பொத்தான் ஒன்று வேண்டும். தாம் செய்த மாற்றங்களுக்குள் தாமே வழி தவறிவிடுவோர் எப்போதும் இருப்பார்கள். அப்பொத்தானை அழுத்தும்போது நிரல் செய்ய வேண்டிய செயலில் ஒரு நுட்பம் உண்டு. இன்றைய இயல்பு நிலையை எடுத்து, அதையே புதிய குறிப்பாக எழுதி வைப்பது ஒரு முறை. குறிப்பை அறவே அழித்துவிடுவது மற்றொரு முறை. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆயின் அடுத்த மாதம் அட்டவணையை அமைப்பவர்கள் இயல்பு நிலையைத் திருத்தி, காலாவதி நாளை முன்னால் கொண்டுவருகிறார்கள் என்று வையுங்கள். குறிப்பை அழித்தவர் அந்தத் திருத்தத்தைப் பெறுவார். எழுதி வைத்தவர் பழைய ஒழுங்கையே பார்த்துக்கொண்டிருப்பார். பயனர் கைப்பட மாற்றியவற்றை மட்டும் குறிப்பில் எழுத வேண்டும், மாற்றாதவற்றை எழுதக்கூடாது என்று நான் மாணவர்களுக்குச் சொல்லிவருவதும் இதனாலேயே.